வெட்டுத்துணி மூட்டையும் ரெண்டாவது போர்வையும்

மொதல்லயே சொல்லிடறேன், இது நான் செஞ்ச ரெண்டாவது போர்வை. மொத போர்வை எங்க வூட்டு நாய்க்கு போட்டாச்சு, அது கூட அதுமேல படுக்கறதில்ல, காலால இழுத்து ஓரமா தள்ளிட்டு வெறுந்தரையில படுக்குது. அந்தக் கதையையும் சேர்த்தே எழுதறேன், அதுல என்னென்ன கோட்டை விட்டேன்னு தெரியலன்னா ரெண்டாவதுல ஏன் இவ்ளோ நேரம் துணி பிரிச்சிட்டே உக்காந்திருந்தேன்னு புரியாது.

காவேரிப்பட்டணத்துல வூட்டு முன்ரூம்லயே தையல் கடை வெச்சிருக்கேன், பன்னெண்டு வருசம் ஆவுது. முக்காவாசி ஜாக்கெட்டு, கொஞ்சம் சுடிதாரு, ஸ்கூல் தொறக்கறப்ப யூனிஃபார்ம். ஜாக்கெட் வெட்டுனா என்ன மிஞ்சும்னு தைக்கிறவங்களுக்கு தெரியும். கழுத்து வெட்டுன யூ ஷேப் துண்டு, கைக்குழியில விழுற பிறை மாதிரி துண்டுங்க, ஓரத்துல விரக்கடை அகலத்துக்கு நீளமா ஒரு வாரு, அப்புறம் லைனிங்ல இதே மாதிரி இன்னொரு செட்டு. ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு கைப்பிடி கூட தேறாது, ஆனா தீபாவளிக்கு முந்தி ஒரு மாசம் தெச்சா 26 கிலோ அரிசி சாக்கு அமுக்கி அமுக்கி ரொம்பிடும். அதுல கொஞ்சம் மிஷின் தொடைக்க, கொஞ்சம் கரித்துணி, மீதிய எங்க அத்த வென்னீர் அடுப்புக்கு போட்டுட்டு இருந்தாங்க. கிரேப்பு சாட்டினு எல்லாம் கலந்து கெடக்குமா, பிளாஸ்டிக் எரியற நாத்தம் தெருவுக்கே அடிக்கும், ஒரு நாள் எதுத்த வூட்டு அண்ணன் வந்து "ஏம்மா, டயரு எதுனா கொளுத்துறீங்களா"ன்னு கேட்டுட்டாரு. அன்னைக்கு நிறுத்துனது தான், அதுக்கப்புறம் சாக்கு ஒண்ணு ரெண்டாச்சு ரெண்டு மூணாச்சு.

இந்தப் பக்கம் மார்கழி தை காலைல குளிரு சும்மா இருக்காது, ராயக்கோட்டை ரோட்டுல எதுக்க வர வண்டி தெரியாத அளவுக்கு பனி விழும். சரி துணி தான் இவ்ளோ கெடக்குதே ஒரு போர்வை அடிச்சிடலாம்னு போன்ல நாலு வீடியோ பாத்துட்டு உக்காந்தேன். கையில எது வந்துச்சோ அத எடுத்து அது பக்கத்துல வெச்சு அடிச்சிக்கிட்டே போனேன், பட்டு பக்கத்துல ஜார்ஜெட்டு, ஜார்ஜெட்டு பக்கத்துல டூ பை டூ காட்டன், நடுவுல ஒரு நெட் துணி வேற. உள்ள இலவம் பஞ்சு வெச்சேன், பின்பக்கம் எங்க வூட்டுக்காரரோட பழைய கைலி ரெண்டு. பாக்க ஜோரா இருந்துச்சு, போட்டோ எல்லாம் எடுத்து சொந்தக்காரங்களுக்கு அனுப்பினேன். மொத தொவையல்ல முடிஞ்சிது. மெரூன் சாயம் எறங்கி எல்லா வெள்ளையும் ரோஸ் ஆச்சு, காட்டன் துண்டு சுருங்கிச்சு சிந்தடிக் துண்டு சுருங்கல, அதனால ஒரு எடம் உப்பி ஒரு எடம் இழுத்து, ஜார்ஜெட்டு வெச்ச எடத்துல தையல் அப்படியே இருக்குது துணி மட்டும் தையல்ல இருந்து நழுவி வெளிய வந்துடுச்சு. இலவம் பஞ்சு இருக்குதே அது வழவழன்னு ஒண்ண ஒண்ணு புடிச்சிக்காத பஞ்சு, தலகாணிக்கு சரி, போர்வைக்குள்ள தண்ணி பட்டதும் உருண்டு உருண்டு நாலு மூலைக்கு போயிடுச்சு. எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு "மல்லப்பாடி பாறை ஓவியம் மாதிரி இருக்குது, எது மனுசன் எது மாடுன்னு தெரியல"ன்னு சொல்லிட்டு டூட்டிக்கு போயிட்டாரு.

மூணு நாளு அத பாக்கவே புடிக்கல. அப்பறம் பக்கத்து வூட்டு அஜ்ஜி வந்து எடுத்து தெருப்பி பாத்தாங்க. அவங்களுக்கு தேன்கனிக்கோட்டைக்கு மேல ஒரு ஊரு, வூட்ல கன்னடம், அதுல பாட்டிய அஜ்ஜின்னு தான் கூப்பிடுவாங்க, அதனால தெருவுல எல்லாருக்குமே அவங்க அஜ்ஜி தான். அவங்க ஊர்ல இத கவுதின்னு சொல்வாங்களாம். எங்க கடைக்கு வர தெலுங்குக்காரங்க "பொந்த"ன்னு சொல்வாங்க. நாம தான் பேரு கூட வெக்காம கந்தல்னு சொல்லி ஒதுக்கி வெச்சிருக்கோம் போல. அஜ்ஜி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏம்மா, அரிசி வேகறப்ப கூடவே கல்லையும் போட்டு வேக வெப்பியா? மொதல்ல பொறுக்குவ இல்ல?" அவ்ளோதான், போயிட்டாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா விசயம் அதுதான்.

அதனால ரெண்டாவத ஆடி மாசம் ஆரம்பிச்சேன். ஆடில கல்யாணம் கெடையாது, ஆர்டரு கம்மி. ஆடி பொறந்த மறுநாளு ஒரு சாக்க ஹால்ல கொட்டி எடை போட்டேன், 4 கிலோ 200. தைக்கற பேச்சே எடுக்கல, பொறுக்கறது தான் வேலை.

மொத சுத்து, எது காட்டன் எது இல்லன்னு. ஜாக்கெட் துணி வருசக்கணக்கா தொடறவளுக்கு தொட்டாலே தெரியும்னு நானே நெனச்சிக்கிட்டு இருந்தேன், தெரியல. இப்ப வர பாலிகாட்டன் அப்படியே டூ பை டூ மாதிரி இருக்குது. அதனால நெருப்பு தான். வாசல்ல ஒரு அகல் ஏத்தி வெச்சு பக்கத்துல தட்டுல தண்ணி வெச்சிக்கிட்டு, சந்தேகப்பட்ட துணில ஒரு நூல் உருவி இடுக்கில புடிச்சு காட்டுவேன். காட்டன்னா பேப்பர் மாதிரி பத்தி எரிஞ்சு, வாசனையும் பேப்பர் கருகற வாசனை, சாம்பல் சாம்பலா உதுந்து கைல தொட்டா மாவு மாதிரி இருக்கும். பட்டுன்னா முடி கருகற நாத்தம். பாலியஸ்டர் காட்டன் மாதிரி சட்டுனு பத்திக்காது, மொதல்ல நெருப்ப பாத்து பின்னால சுருங்கும், அப்பறம் உருகும், ஆறினதும் நுனில கறுப்பா கடுகு மாதிரி கெட்டியா ஒரு உருண்டை நிக்கும், நகத்தால நசுக்குனா நசுங்காது. பாலிகாட்டன் ரெண்டும் பண்ணும், எரியவும் எரியும் நுனில சின்னதா கெட்டியும் நிக்கும். ரேயான் மட்டும் ஏமாத்தும், அதுவும் காட்டன் மாதிரியே எரியும், அத தண்ணில நனைச்சு இழுத்து பாத்தேன், நனைஞ்ச ரேயான் பொசுக்குனு விட்டுக்கும், காட்டன் நனைஞ்சா இன்னும் ஸ்ட்ராங்கா நிக்கும். ரெண்டு சாயங்காலம் இதே வேலை. தெருவுல போறவங்க ஏதோ மந்திரம் பண்றாங்கன்னு பாத்துட்டு போனாங்க. கடைசில காட்டன்னு தேறினது 2 கிலோ 600.

ரெண்டாவது சுத்து அளவு. இத நெறைய பேரு யோசிக்கறதில்லன்னு நெனைக்கிறேன், நானும் யோசிக்கல. ஒரு துண்ட நாலு பக்கமும் தெச்சா பக்கத்துக்கு கால் இன்ச்சு தையலுக்குள்ள போயிடும், அதாவது அகலத்துல அரை இன்ச்சு, நீளத்துல அரை இன்ச்சு. ரெண்டு இன்ச் சதுரத் துண்டு தெச்சு முடிச்சா ஒண்ணரை இன்ச்சா தான் வெளிய தெரியும், நாலு சதுர இன்ச்சுல ரெண்டேகால் மிச்சம். ஒண்ணரை இன்ச் துண்டுன்னா பாதிக்கு மேல உள்ள போயிடும். ஒரு இன்ச் துண்டு வெச்சா காப்பங்கு தான் வெளிய, முக்காப்பங்கு அடியில மடிஞ்சு தடிமனா கெடக்கும், அந்த தடிமன்ல தான் அப்பறம் ஊசி உடையும். அதனால ரெண்டு விரலு சேர்த்து வெச்சு பாப்பேன், அந்த அகலத்துக்கு கீழ போச்சுன்னா வேற டப்பால. நீளமான வாரு மட்டும் விதிவிலக்கு, ஒரு இன்ச்சு அகலம் இருந்தாலும் வெச்சிக்கிட்டேன், அத கட்டத்தோட ஓரத்துக்கு போட்டுக்கலாம். இதுல ஒரு கிலோ கிட்ட கழிஞ்சிடுச்சு, மனசு கஷ்டமா தான் இருந்துச்சு, ஆனா அது வீணாகல, பொடிசா நறுக்கி ஒக்கார்ற திண்டு ஒண்ணுக்குள்ள தெணிச்சேன், கல்லு மாதிரி இருக்குது, அத்தைக்கு முதுகுக்கு அது தான் வேணுமாம்.

மூணாவது சுத்து சாயமும் சுருக்கமும். இங்க ஒரு கூத்து. பொடித்துணிய வாஷிங் மிஷின்ல போடக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு புத்திசாலித்தனமா ஒரு தலகாணி உறைக்குள்ள போட்டு வாய கட்டி மிஷின்ல போட்டேன். வெளிய எடுத்தப்ப துணி இல்ல, குருவிக்கூடு தான் இருந்துச்சு. நூலெல்லாம் பிரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு பின்னி, கத்தரி வெச்சு வெட்டித்தான் பிரிக்கணும், கால் கிலோ துணி போச்சு. அப்பறம் பக்கெட்டுல வென்னீரும் கொஞ்சம் சோப்புத்தூளும் போட்டு கையால அமுக்கி அமுக்கி எடுத்தேன், கசக்கவே கூடாது, கீரை அலசற மாதிரி தான். கலர் பிரிச்சு பிரிச்சு ஊற வெக்கணும். அலசற தண்ணி தெளிஞ்சு வந்தா பாஸ். மெரூன் மட்டும் அஞ்சு தண்ணி மாத்தியும் பீட்ரூட் வேக வெச்ச தண்ணி மாதிரியே வந்துச்சு. கல்லுப்பு போட்டா சாயம் நிக்கும்னு அத்த சொன்னாங்க, போட்டேன், ஒரு ராத்திரி வெச்சேன், நிக்கல. ஒட்டுமொத்த மெரூனையும் தூக்கி வெளிய வெச்சேன், ஒரு கிளிப்பச்சையும் ஒரு கருநீலமும் கூடவே போச்சு. மத்தத ஈரமா இருக்கறப்பவே வெள்ளை வேட்டித்துண்டு நடுவுல வெச்சு அயர்ன் பண்ணி பாத்தேன், வேட்டில கறை ஒட்டலன்னா தான் எடுத்துக்கறது.

காய வெக்கறது இன்னொரு கூத்து. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சின்னதுல இருந்து கேட்டுக்கிட்டு தான் இருக்கோம், கேட்டு என்ன பிரயோஜனம், மொட்டமாடில பாயி விரிச்சு அத்தனையும் பரப்பிட்டு கீழ வந்து காபி போடறேன், மேல இருந்து எங்க பையன் "அம்மா, துணி பறக்குது"ன்னு கத்தறான். எதுத்த வூட்டு தென்னமரத்துல இன்னிக்கும் ஒரு மஞ்ச துண்டு மாட்டிக்கிட்டு இருக்குது. அதுக்கப்பறம் பழைய கொசுவலைய மேல போத்தி சுத்தி கல்லு வெச்சேன். இந்த ஜில்லாவுல கல்லுக்கு மட்டும் பஞ்சமே கெடையாது, தெரிஞ்சவங்க கிரானைட் பாலிஷ் போடற எடத்துல இருந்து உள்ளங்கை அளவு வெட்டுக்கல்லு பத்து பன்னெண்டு கொண்டாந்து குடுத்தாங்க, அடிப்பக்கம் கூட வழவழன்னு இருக்கும். துணி வெட்டறப்ப பேட்டர்ன் மேல வெயிட்டுக்கும் அதையே வெச்சிக்கிட்டேன், இப்ப குண்டூசியே குத்தறதில்ல.

எல்லாம் போக கைல நின்னது 1 கிலோ 300 சொச்சம். பன்னெண்டு நாள் ஆயிடுச்சு, இன்னும் மிஷின் உறைய எடுக்கல.

இனி தைக்கறது. ஜாக்கெட் வெட்டுத்துணில இருக்கற பெரிய தொல்லை என்னன்னா எதுவும் நேரா இருக்காது, கைக்குழித் துண்டெல்லாம் கிராஸ்ல, அதாவது நெசவுக்கு கோணலா விழுந்தது, புடிச்சா ரப்பர் மாதிரி இழுத்துக்கும். அத வெறுமன ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா சதுரமே வராது, மொத போர்வைல அதுவும் ஒரு தப்பு. இதுக்கு அடியில ஒரு துணி வெச்சு அதுமேல தெச்சிடணும், அப்ப இழுக்காது. நான் எங்க மாமனாரோட எட்டு முழ வேட்டி ரெண்ட வெட்டினேன். வருசக்கணக்கா தொவைச்ச வேட்டி, சுருங்க வேண்டியதெல்லாம் எப்பயோ சுருங்கியாச்சு, மெலிசாவும் இருக்கும். 9 இன்ச் சதுரமா அகலத்துல அஞ்சு வரும், நீளத்துல பதினஞ்சு வரும், கணக்குக்கு ஒரே வேட்டி போதும், ஆனா உக்கார்ற எடம் நைஞ்சு போயிருந்துச்சு, அதனால ரெண்டு.

ஒரு கட்டம் எப்படி தெச்சேன்னு மட்டும் கொஞ்சம் வெவரமா சொல்றேன். வேட்டி சதுரத்துக்கு நடுவுல மஞ்ச லைனிங் துண்டு ஒண்ணு, ஏன் மஞ்சன்னா மஞ்ச லைனிங் எங்கிட்ட ஏகப்பட்டது கெடந்துச்சு, வேற தத்துவம் எதுவும் இல்ல. அத கோணலா நாலஞ்சு மூலை இருக்கற மாதிரி வெட்டி வெச்சிக்கணும், நேர் சதுரமா வெச்சா எல்லா கட்டமும் ஒரே மாதிரி ஆயிடும். ரெண்டாவது துண்ட அதோட ஒரு ஓரத்துக்கு சரியா நல்ல பக்கம் நல்ல பக்கத்தோட படற மாதிரி கவுத்து வெச்சு, வேட்டியோட சேர்த்து கால் இன்ச்சுல ஒரு தையல். அப்பறம் அத தெருப்பி விட்டு கரண்டி பின்பக்கத்தால அழுத்தி தேய்ச்சு, நீட்டிக்கிட்டு இருக்கறத நறுக்கிட்டு அடுத்த ஓரத்துக்கு அடுத்த துண்டு. இப்படியே சுத்தி சுத்தி வேட்டி மறையற வரைக்கும். கழுத்து யூ துண்ட பாதியா வெட்டுனா ரெண்டு நீளத்துண்டு கெடைக்கும், வளைவ மட்டும் நேராக்கிக்கணும். ஒரு கட்டத்துக்கு பத்துல இருந்து பதினாலு துண்டு. ஒரு கட்டம் முடிச்சிட்டு நூலு வெட்டாம அடுத்த கட்டத்துக்கு போயிடலாம், அஞ்சாறு கட்டத்துக்கு ஒரு சுத்து, திரும்பவும் அதே அஞ்சாறுக்கு அடுத்த சுத்து, மிஷினுக்கு பின்னால அப்படியே தோரணம் மாதிரி தொங்கும். அதுல நூலும் மிச்சம் நேரமும் மிச்சம். அப்படி செஞ்சே கட்டத்துக்கு 25 நிமிசம் புடிச்சுது.

எல்லா கட்டமும் முடிஞ்சதும் காலண்டர் அட்டைல எட்டரை இன்ச் சதுரம் வெட்டி அத மேல வெச்சு நாலு பக்கமும் ட்ரிம் பண்ணேன். இது ரொம்ப முக்கியம். ஜாக்கெட்டு தைக்கறவ கைக்கு அரை இன்ச், ஒரு இன்ச் உள்ள விட்டு தான் பழக்கம், கால் இன்ச்சுக்கு கை ஒத்துழைக்காது. ஒரு ஜாயிண்ட்ல ஒரு நூல் தப்புனா கண்ணுக்கே தெரியாது, ஆனா பத்து கட்டத்துக்கு ஒம்போது ஜாயிண்ட்டு, ஒம்போது நூல், எட்டு நூல் ஒரு இன்ச்சு, அப்ப ஒரு வரிசை பக்கத்து வரிசைய விட ஒரு இன்ச்சுக்கு மேல நீளமா போயி நிக்கும். ஊசில இருந்து கால் இன்ச் அளந்து மிஷின் தட்டுல காயத்துக்கு போடற பிளாஸ்திரிய நாலு அடுக்கு ஒட்டினேன், துணி அதுல முட்டிக்கிட்டே போவும், கண்ண மூடிக்கிட்டு அடிக்கலாம்.

நடுவுல ஒரு சாட்டின் துண்டு எப்படியோ நெருப்புக்கு தப்பிச்சு காட்டன் கூட வந்திருக்குது, அயர்ன் பாக்ஸ் வெச்சதும் ஜவ்வு மாதிரி ஒட்டிக்கிச்சு. பேப்பர் மேல பொடியுப்ப கொட்டி சூடா அதுமேல தேய்ச்சு தேய்ச்சு எடுத்தேன். ஒரு துண்டு. நாலு கிலோவுல ஒரே ஒரு துண்டு.

அப்பறம் ஆவணி பொறந்து முகூர்த்தம் ஆரம்பிச்சு, அதுக்கு பின்னாலயே தீபாவளி ஆர்டரு. 70 கட்டமும் ஒரு பையில கெடந்துச்சு. அப்ப ஒரு அக்கா ட்ரையல் பாக்க வந்தவங்க பைல இருந்து ஒரு கட்டத்த எடுத்து பாத்துட்டு, "ஏம்மா, இது என் ஜாக்கெட்டு துணி ஆச்சே, மிச்சத்துணி ஒண்ணுமே இல்லன்னு சொன்னியே"ன்னாங்க. டைலருங்க எல்லாரையும் துணி திருடிங்கன்னு நெனைக்கறவங்களுக்கு இத விட சாட்சி வேணுமா. ரெண்டு விரலு துண்டுக்கா இந்தப் பேச்சுன்னு இருந்துச்சு, சிரிச்சிட்டு விட்டுட்டேன். இப்பல்லாம் மிச்சத்த ஒரு கவர்ல போட்டு ஜாக்கெட்டோட குடுத்துடறேன், பத்துல ஒம்போது பேரு அங்கயே வெச்சிட்டு போயிடறாங்க.

தீபாவளி முடிஞ்சு திரும்ப எடுத்தேன். அகலத்துக்கு ஏழு, நீளத்துக்கு பத்து, சேர்த்து தெச்சா 56க்கு 80 இன்ச். சுத்தியும் ரெண்டு இன்ச்சுக்கு கருநீலத்துல பார்டர், சாயம் போவாத கருநீலம், பர்கூர்ல ஒரு ஜவுளிக்கடைல கட் பீஸ்ல எடுத்தது, இந்தப் போர்வைக்காக காசு குடுத்து வாங்கின ஒரே துணி அதுதான். மொத்தம் 60க்கு 84. வரிசைய இணைக்கறப்ப நாலு கட்டத்தோட மூலை சேர்ற எடத்துல மடிப்பு மேல மடிப்பு விழுந்து பட்டாணி மாதிரி முட்டிக்கிட்டு நின்னுச்சு. 14 நம்பர் ஊசி ரெண்டு போச்சு, 16 போட்டப்பறம் தான் எறங்குச்சு. ஒரு வரிசைல மடிப்ப எல்லாம் இடது பக்கம், அடுத்த வரிசைல வலது பக்கம் படுக்க வெச்சா ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காந்துக்கும், முட்டாது. அப்படியும் முட்டின எடத்த ஒரு துணி போட்டு அம்மிக் குழவியால ரெண்டு தட்டு. எங்க அத்தைக்கு கோவம், மசாலா அரைக்கற குழவில துணிய தட்டறாளேன்னு.

உள்ள என்ன வெக்கறதுன்னு இந்த வாட்டி யோசிக்கவே இல்ல, பழைய காட்டன் பொடவை. ஒரு பொடவை அஞ்சரை மீட்டரு, நடுவுல வெட்டி பக்கத்துல பக்கத்துல வெச்சு இணைச்சா ஒரு முழு அடுக்கு வந்து மீதியும் நிக்கும். உள்ளுக்கு ரெண்டு பொடவை, பின்பக்கத்துக்கு ஒண்ணு. முந்தானைய மட்டும் எடுத்துடணும், அங்க நெசவு கெட்டி.

இப்ப அஜ்ஜிக்கும் எனக்கும் சண்டை. ஹால்ல எல்லாத்தையும் விரிச்சு, பின்பக்கப் பொடவைய தரையோட டேப் போட்டு ஒட்டி, நாலு பக்கமும் கல்லு வெச்சு, இருபது டஜன் ஊக்கு குத்தி வெச்சிருக்கேன், உள்ளங்கை வெச்சா எங்கயாவது ஒரு ஊக்கு தட்டுப்படணும், அந்த கணக்கு. மிஷின்ல அடிச்சா மேல் துணி ஒரு வேகம் கீழ் துணி ஒரு வேகம்னு நகரும், பல்லு கீழ இருக்கறத மட்டும் தான இழுக்குது, அதனால கையால ஓட்டுத்தையல்னு முடிவு. அஜ்ஜி நீள ஊசியும் ரெட்டை நூலும் எடுத்துக்கிட்டு வந்து மூலைல உக்காந்துட்டாங்க. அவங்க கணக்கு ஓரத்துல ஆரம்பிச்சு சுத்தி சுத்தி நடுவுக்கு போறது. நான் பாத்த வரைக்கும் நடுவுல ஆரம்பிச்சு வெளிய போவணும், அப்ப தான் சுருக்கம் எல்லாம் ஓரத்துக்கு தள்ளிக்கிட்டு போயிடும். "நான் கவுதி தெச்சப்ப நீ பொறக்கவே இல்ல"ன்னாங்க. அதுக்கு மேல என்ன பேச.

அவங்க சொன்னது தப்பும் இல்ல. கர்நாடகாவுல உத்தர கன்னடா பக்கம் சித்தின்னு ஆப்பிரிக்க வம்சாவளி ஜனங்க இருக்காங்க, அவங்க தைக்கற கவந்திங்கற ஒட்டுப்போர்வையும் ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுல முடியறது தான், மூலைக்கு மூலை முக்கோணமா மடிச்சு பூவுன்னு ஒண்ணு வெப்பாங்க, அது இல்லன்னா போர்வை முழுசு இல்லயாம். ஆனா அதுல ஒட்டுத்துணிய அப்பப்ப வெச்சு மடிச்சு தெச்சுக்கிட்டே போறாங்க, எங்க லூசு இருக்குதோ அங்கயே சரி பண்ணிக்கலாம். நான் மேல்பக்கத்த மொத்தமா முன்னாடியே இணைச்சு வெச்சுட்டேன், லூசு போறதுக்கு எடம் இல்ல. மூணாவது சுத்துல நடுவுல பூரி மாதிரி உப்பிக்கிட்டு வந்துச்சு. அஜ்ஜி அத ரெண்டு தட்டு தட்டி பாத்தாங்க, எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, கத்தரிய எடுத்து ரெண்டு சுத்த அவங்களே பிரிச்சாங்க. வெளி சுத்து ஒண்ணு மட்டும் பார்டர் மேல நிக்கட்டும்னு விட்டாங்க. அதுக்கப்பறம் நேர் கோடா, நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும், ரெண்டு இன்ச்சுக்கு ஒரு கோடு. முப்பது கோடு கிட்ட, ஒரு கோட்டுக்கு முக்கா மணி நேரம். சாயங்காலம் நிப்பட்டு (தட்டை) ஒரு தட்டுல வெச்சிக்கிட்டு அவங்க ஒரு கோடு நான் ஒரு கோடு. நூல தேன்மெழுகுல ஒரு இழுப்பு இழுத்துட்டு கோக்கணும்னு அவங்க தான் சொன்னாங்க, சிக்கே விழல. மடிப்பு கூடற எடத்துல ஊசி எறங்காது, வெரல் நுனி புண்ணாயிடும், நான் பிளாஸ்திரி சுத்திக்கிட்டேன், அஜ்ஜி வெறும் கை, ஊசி பின்பக்கத்த தரையில வெட்டுக்கல்லு மேல குத்தி தள்றாங்க.

ஓரத்துக்கு பட்டி ரெண்டரை இன்ச், ரெண்டா மடிச்சு வெச்சு மேல்பக்கம் மிஷின்ல அடிச்சு, பின்னால தெருப்பி கையால ஹெம்மிங். மொத்தம் 300 இன்ச் கிட்ட வேணும், ஒரே துணில கெடைக்காது, அஞ்சாறு துண்ட இணைச்சேன், இணைப்ப நேரா போடாம சாய்வா போட்டா ஒரே எடத்துல தடிமன் சேராது. நேர் ஓரம் தான அதனால கிராஸ் பீஸ் தேவையில்ல, வளைவு வெச்சா தான் கிராஸு.

எடை ரெண்டு கிலோவுக்கு கொஞ்சம் மேல வந்துச்சு. பொறுக்கி வெச்சதுல 850 கிராம் போல உள்ள போயிருக்கும். ஒரு சாக்குல நாலுல ஒரு பங்கு கூட இல்ல, இத நெனச்சா கொஞ்சம் சலிப்பு தான், போர்வை செஞ்சு மூட்டைய காலி பண்ணிடலாம்னு யாராவது நெனச்சா அது நடக்காது, நான் தைக்கற வேகத்துக்கு இன்னொரு சாக்கு ரொம்பிடுச்சு. மார்கழில ஒரு மாசம் பையன் போத்தினான். மூணு தொவையல் ஆச்சு, கையால தான். 60க்கு 84 இருந்தது 59க்கு எம்பத்து ரெண்டரை ஆயிருக்குது, எல்லாம் சேர்ந்து ஒண்ணா சுருங்கினதால உப்பல. சாயம் எறங்கல. ஒரே ஒரு பச்சைத் துண்டு ஓரம் விட்டுக்கிச்சு, அதுமேல இன்னொரு துண்ட மடிச்சு வெச்சு தெச்சேன், இந்தப் போர்வைல இது ஒரு வசதி, ஒட்டு போட்டா ஒட்டுன்னு தெரியாது. ஒரு கஸ்டமரு எவ்ளோன்னு கேட்டாங்க, கட்டத்துக்கு 25 நிமிசம்னு 70 கட்டத்துக்கு கணக்கு போட்டு, கை தையலையும் சேர்த்து, நேரத்த சொன்னேன், அவங்களே வேணாம்னுட்டாங்க.

போன வாரம் மாடில காயப்போட்டப்ப அஜ்ஜி வந்து பின்பக்கம் தெருப்பி பாத்தாங்க. கண்ணாடி கூட போடல, வெரல ஓட்டிக்கிட்டே போயி ஒரு எடத்துல நிறுத்துனாங்க, பின்பக்கப் பொடவை ஒரு விரக்கடை மடிஞ்சு உள்ள மாட்டிக்கிட்டு இருக்குது. "பாரு, எப்படி தெச்சிருக்க, பிரிச்சிட்டு ஒழுங்கா தை"ன்னாங்க. அது அவங்க தெச்ச கோடு. நான் சரிங்க அஜ்ஜின்னு சொல்லிட்டு கீழ வந்துட்டேன், இன்னும் பிரிக்கல.